வார்டு ஓடுகிறது, மணி பிசகுகிறது: நகர வரைபடத் தரவில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள்

"கோவை மாவட்டத்தில் பத்து வருடத்தில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள், அண்ணா. வறட்சி என்று எழுதுவதா, இடப்பெயர்ச்சி என்று எழுதுவதா?" என்று ஒரு முதுகலை மாணவி தொலைபேசியில் கேட்டார். அவர் கையில் இருந்த எண்கள் சரியானவை. 2001 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 42.7 லட்சம், 2011இல் சுமார் 34.6 லட்சம். கழித்தலும் சரி. இடையில் 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்த சேதிதான் அவருடைய வரைபடத்துக்கு எட்டவில்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை ஆகியவை கோவையிலிருந்தும் தாராபுரம், காங்கயம் ஆகியவை ஈரோட்டிலிருந்தும் பிரிந்து போயின. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடு நகர்ந்தது.

ஈரோட்டில் ஒரு சிறிய அறையில் வரைபட வேலை செய்கிறேன். புதிதாக வரையச் சொல்லி வருபவர்களைவிட, வரைந்தது ஓடவில்லை என்று வருபவர்கள் அதிகம். புலம்பல்கள் ஏறத்தாழ ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். எந்தப் புலம்பலாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எந்தத் தேதியின் வரைபடம்? பாதிப் பேர் பதில் சொல்லத் தொடங்கும்போதே கோளாறைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கீழே உள்ளவற்றை உங்கள் கோளாறு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துத் தேடிப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில். கை வைப்பதற்கு முன் கோப்பை நகலெடுத்து, அசலைத் தனியாக வையுங்கள். அசலிலேயே திருத்திச் சேமித்துவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது டீ வாங்கிக் கொடுப்பது மட்டும்தான்.

## புள்ளிகள் ஊரை விட்டு வேறெங்கோ விழுகின்றன

எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று முதலில் அளந்து பாருங்கள். தூரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்ஜியமாக இருக்கும் இடம் அது. கினி வளைகுடாவில் இருக்கிறது. கைபேசிக்கு ஜிபிஎஸ் கிடைப்பதற்கு முன்பே பதிவு அனுப்பப்பட்டிருக்கும், அல்லது காலிக் கட்டம் பூஜ்ஜியமாக மாறியிருக்கும். அந்தப் பதிவுகளை வடிகட்டி நீக்குங்கள். பக்கத்துப் பதிவைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டாம்.

### வடதுருவத்துக்குப் பக்கத்தில்

திருப்பூர் ஏறத்தாழ 11.1 பாகை வடக்கு, 77.3 பாகை கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே போய் நிற்கும். நெடுவரிசைகளை மாற்றிக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. எல்லாப் பதிவுகளும் இப்படி இருந்தால் நிம்மதி. சிலது மட்டும் இருந்தால் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று பொருள். 77ஐ ஒட்டிய எண் அட்சரேகையில் எங்கெல்லாம் இருக்கிறதோ அதை மட்டும் மாற்றுங்கள்.

### சில கிலோமீட்டர் தள்ளி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில்

பாகை, கலை, விகலையில் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை) எழுதியதைத் தசமமாக எண்ணிவிட்ட கோளாறு. 11 பாகை 6 கலை என்பது 11.10. அதை 11.06 என்று எழுதினால் புள்ளி நாலரை கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிடும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: பல ஊர்களில் பரவிய பதிவுகளில், புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எதிலுமே 59ஐத் தாண்டவில்லை என்றால் அது தசமம் அல்ல என்று சந்தேகப்படலாம்.

### நூறு மீட்டருக்கு மேல், எல்லாம் ஒரே திசையில்

பழைய நில அளவைத் துறைத் தாளிலிருந்து குளங்களையும் சாலைகளையும் வரைந்து எடுத்தவர்களுக்கு இது வரும். அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்வட்டக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கை அடிப்படையாகக் கொண்டது. நம் பகுதியில் இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. லேயரை (வரைபடத்தின் ஓர் அடுக்கை) கையால் இழுத்துப் பொருத்தாதீர்கள். தாளின் மூல ஆள்கூற்று முறையைச் சரியாக அறிவித்து, அதன்பின் மாற்றுங்கள். இழுத்துப் பொருத்தினால் ஒரு மூலை சரியாகும், எதிர் மூலை விலகும். அடுத்த வருடம் நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

### ஈரோடு சரி, நாமக்கல் மட்டும் காணவில்லை

இது நம் ஊருக்கென்றே அமைந்த கோளாறு. பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் 43, 44 ஆகிய மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகை தீர்க்கரேகை கொங்கு நாட்டின் குறுக்கே ஓடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு மேற்கே. கரூர், நாமக்கல், சேலம் கிழக்கே. 44ஆம் மண்டலத்தில் எடுத்த நாமக்கல் அளவுகளை 43 என்று அறிவித்தால், கோழிப்பண்ணைகளெல்லாம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் மேற்கே போய் லட்சத்தீவுக் கடலில் மிதக்கும்.

முதலில் லேயரின் ஆள்கூற்றுக் குறியீட்டைப் பாருங்கள்: இபிஎஸ்ஜி 32643ஆ (43ஆம் மண்டலம்), 32644ஆ (44ஆம் மண்டலம்)? தவறாக அறிவித்திருந்தால் சரியானதை அறிவித்தால் போதும். 'மாற்று' என்ற கட்டளையைத் தொடவே வேண்டாம். அறிவிப்பது எண்களைத் தொடாது, மாற்றுவது எண்களையே திருத்திவிடும்; இரண்டும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆனது. இரண்டு மண்டலத்திலும் ஊர்கள் இருந்தால், தரவை அட்சரேகை, தீர்க்கரேகையாகவே சேமித்து, தூரமும் பரப்பும் கணக்கிடும்போது மட்டும் 43க்கு மாற்றுங்கள். சேலம் வரை நீட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் பிசகும். வார்டு வேலைக்கு அது பொருட்டே இல்லை.

### புலப்படம் மட்டும் பொருந்த மறுக்கிறது

பழைய புலப்படங்களில் (ஒரு சர்வே எண்ணின் நில அளவைப் படங்களில்) அளவு லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். அதை மீட்டர் என்று நிரப்பினால் நிலம் நீளத்தில் ஐந்து மடங்கு பெருத்துவிடும். அலகு சரியாக இருந்தும் பக்கத்துச் சர்வே எண்ணோடு இடைவெளியோ மேலேறலோ வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். திட்ட வரைபடத்துக்கு அந்த இடைவெளியோடு வாழலாம். பட்டா, உட்பிரிவு, வழக்கு என்று போகும் விஷயமானால் உரிமம் பெற்ற நில அளவையரைக் கூப்பிடுங்கள். கணினியில் கோட்டை இழுத்து ஒட்டுவது வேலிச் சண்டையைத் தீர்க்காது, புதிதாக ஒன்றைக் கிளப்பும்.

## காலப்பட்டையை நகர்த்தினால் எதுவும் அசையவில்லை

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 2020இல் வந்த 3.14 பதிப்பு முதல் காலக் கட்டுப்பாட்டுப் பலகம் உள்ளேயே இருக்கிறது. அதற்கும் பழைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் பதிப்பை மாற்றுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

பலகத்தை இயக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு லேயரின் பண்புகளிலும் காலம் என்ற பகுதியைத் தனித்தனியாக இயக்க வேண்டும். வருபவர்களில் கணிசமானவர்கள் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிப் போய்விடுகிறார்கள்.

அதுவும் சரியென்றால், தேதி நெடுவரிசை உண்மையில் தேதிதானா என்று பாருங்கள். எழுத்தாகச் சேமித்த தேதி பார்க்கத் தேதி போலவே இருக்கும். இதற்குப் பெரும்பாலும் எக்செல்தான் மூலம்.

- நெடுவரிசையில் 45292 போன்ற எண்கள் நிற்கின்றனவா? அது எக்செல்லின் நாள் எண். 45292 என்றால் 2024 ஜனவரி 1. எக்செல்லிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வடிவம் மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.
- சில பதிவுகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் தெரிகின்றனவா? இதுதான் ஆபத்தானது. நாம் 05/08 என்று எழுதினால் ஆகஸ்ட் ஐந்து. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு அது மே எட்டு. 13ஆம் தேதி முதல் உள்ளவற்றை அது மாதமாக எடுத்துக்கொள்ள முடியாததால் எழுத்தாகவே விட்டுவிடும். 12 வரை உள்ளவற்றைச் சத்தமில்லாமல் தலைகீழாக்கிவிடும். விட்டுப்போன எழுத்துகளை மட்டும் தேதியாக்கி 'சரி செய்துவிட்டேன்' என்று வருபவர்களின் தரவு முன்பைவிட மோசமாகியிருக்கும். மூலக் கோப்பிலிருந்து திரும்பவும் தொடங்குவது தவிர வேறு வழியில்லை.

தேதி இருக்கிறது, மணி மட்டும் போய்விட்டது என்றால் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தைக் குற்றம் சொல்லலாம். அதன் தேதி நெடுவரிசை நாளை மட்டுமே வைத்துக்கொள்ளும், மணியை வைத்துக்கொள்ளாது. நெடுவரிசைப் பெயரும் பத்து பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழில் பெயர் வைத்தால் ஒரு எழுத்துக்குறி மூன்று பைட் என்பதால் மூன்று குறிகளோடு முடிந்துவிடும். 'தொடக்கநாள்', 'தொடர்புஎண்' இரண்டும் வெட்டுப்பட்டு ஒரே பெயராகும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறுங்கள். இன்னும் ஏன் எல்லோரும் ஷேப்ஃபைலில் அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் புரியாத ஊர் வழக்கம்.

படம் கண் சிமிட்டுவது போல வந்து வந்து மறைந்தால் கோளாறு தரவில் இல்லை. மாதத்துக்கு ஒரு பதிவு இருக்கும்போது காலப்பட்டை நகரும் படியை ஒரு மணி என்று வைத்திருப்பீர்கள். படியை மாதமாக்குங்கள், அல்லது தொடக்கம், முடிவு என இரண்டு நெடுவரிசைகள் கொடுங்கள்.

## நள்ளிரவுக்குப் பின் ஊரெல்லாம் நெரிசல் காட்டுகிறது

திருப்பூரின் நெரிசல் எப்போது என்று கேட்க வரைபடம் வேண்டாம். பேருந்து நிலைய டீக்கடையில் கேட்டால் போதும். காலை எட்டரைக்குக் கம்பெனி திறக்கும் நேரம் ஒரு கூட்டம், ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு ஒரு கூட்டம். உங்கள் வரைபடத்தில் அந்த இரண்டு உச்சங்களும் அதிகாலை மூன்று மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வந்தால், வண்டியின் ஜிபிஎஸ் கருவி உலகப் பொது நேரத்தில் பதிந்ததை நீங்கள் உள்ளூர் நேரமாகப் படிக்கிறீர்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கூட்டினால் தீர்ந்தது.

தீரவில்லை, உச்சம் பிற்பகல் இரண்டு மணிக்கும் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் நகர்ந்துவிட்டது என்றால் இருமுறை கூட்டியிருக்கிறீர்கள். தரவுத்தளம் ஒரு முறை தானாகவே மாற்றிக் கொடுத்ததை நீங்கள் மறுபடி மாற்றினீர்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் நேர மண்டலத்தோடு கூடிய நேர வகையை மட்டும் பயன்படுத்துங்கள். காட்டும் இடத்தில் ஆசியா/கொல்கத்தா என்று கேளுங்கள். இடையில் எங்கும் கையால் கூட்டாதீர்கள்.

பாதி வண்டிகள் சரி, பாதி வண்டிகள் தவறு என்றால் இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. கருவி எண் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காலை உச்சத்தைப் பாருங்கள். அலுப்பான வேலைதான், அரை நாள் ஆகும், ஆனால் செலவில்லை.

தினசரி எண்ணிக்கை மட்டும் சற்றே பொருந்தவில்லை என்றால் நாள் எங்கே வெட்டப்படுகிறது என்று பாருங்கள். பொது நேரத்தின் நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை. அதற்கு முன் நடந்ததெல்லாம் முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேரும். சந்தைக்குக் காய்கறி இறக்கும் லாரிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நகர்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

பேருந்தின் தடம் ஊரைக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டதுபோல் வந்தால், வண்டி எண் வாரியாகப் பிரிக்காமல் கோடு இணைத்திருக்கிறீர்கள், அல்லது நேர வரிசைப்படி அடுக்கவில்லை. நின்ற வண்டி தகரக் கூரைக்குக் கீழே அங்குமிங்கும் நடுங்கினால் அது ஜிபிஎஸ்ஸின் இயல்பு; வேகம் மிகக் குறைவாக உள்ள பதிவுகளை ஒரே புள்ளியாகச் சேர்த்துவிடுங்கள்.

## ஒரு வருடத்தில் வார்டின் எண்ணிக்கை குதிக்கிறது அல்லது விழுகிறது

இந்தப் பகுதியில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். என் மேசைக்கு வரும் கோளாறுகளில் அதிகம் பேரின் ஆய்வைக் கெடுத்தது இதுதான்.

### எல்லை மாறியதா என்று முதலில் பாருங்கள்

கோவை மாநகராட்சி 2011 வரை சுமார் 105 சதுர கிலோமீட்டர், 72 வார்டுகள். அந்த வருடம் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, சரவணம்பட்டி, துடியலூர் போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்து, பரப்பு இருமடங்குக்கு மேலாகி, வார்டுகள் 100 ஆயின. அதே 2011இல் திருப்பூரில் வேலம்பாளையமும் நல்லூரும் சேர்ந்து 60 வார்டுகள்; ஈரோட்டில் சூரம்பட்டி, வீரப்பன்சத்திரம், பெரியசேமூர், காசிபாளையம் சேர்ந்து அங்கும் 60. பின்னர் 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறையில் கோவையின் வார்டு எண்ணிக்கை 100 ஆகவே நின்றது, ஆனால் உள்ளே கோடுகளும் எண்களும் மாறின. எண்ணிக்கை மாறாததால் பலர் எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மோசமான பொறி அது.

சோதனை எளிது. இரண்டு வருடத்தின் வார்டு வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒரே எண் கொண்ட வார்டுகளின் மையப் புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தைக் கணக்கிடுங்கள். பத்திருபது மீட்டர் என்றால் வரைந்தவர் கை நடுக்கம். கிலோமீட்டர் கணக்கில் வந்தால் அது வேறு வார்டு, எண் மட்டும் ஒன்று.

### எல்லை மாறியிருந்தால்

வார்டு எண்ணை அடையாளமாக வைப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அடையாளம், அதோடு தொடக்க நாள், முடிவு நாள் என இரண்டு நெடுவரிசைகள். வார்டு எண் ஒரு பெயர்ப்பலகை போல ஓரமாக இருக்கட்டும். ஒரு சம்பவத்தை வார்டோடு இணைக்கும்போது 'எந்த வடிவத்துக்குள் விழுகிறது' என்று மட்டும் கேட்காமல் 'அந்த நாளில் உயிரோடு இருந்த எந்த வடிவத்துக்குள்' என்று கேளுங்கள். பாதி வழக்குகள் இந்த ஒரு நிபந்தனையில் தீர்கின்றன.

### இணைத்த பின் சில சம்பவங்கள் இரண்டாகின்றன

பழைய எல்லையின் முடிவு நாளும் புதிய எல்லையின் தொடக்க நாளும் ஒரே நாள். அந்த நாளின் சம்பவம் இரண்டிலும் எண்ணப்படுகிறது. தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே என்று ஒரே விதியை எல்லா இடத்திலும் வையுங்கள். முடிவு நாளை ஒரு நாள் முன்னால் தள்ளி வைப்பவர்கள் உண்டு. மணியோடு பதிந்த தரவு வந்தவுடன் கடைசி நாளின் புகார்கள் எந்த வார்டும் இல்லாமல் அனாதையாகிவிடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் வசதி. 9.2 பதிப்பிலிருந்து கால வரம்பு என்ற வகையே இருக்கிறது. ஒரே அடையாளத்துக்கு இரண்டு வரம்புகள் மேலேறக் கூடாது என்று விலக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டால், தவறான பதிவை அது வாசலிலேயே திருப்பி அனுப்பும். அதற்குத் துணை நீட்சி ஒன்றை நிறுவ வேண்டும். நிறுவ உரிமை இல்லையென்றால் தரவுத்தளம் பார்ப்பவரைக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

### பழைய எண்ணிக்கையைப் புதிய வார்டுக்குப் பங்கிட வேண்டும்

2011க்குப் பின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய வார்டு எண்களைப் புதிய எல்லைக்குள் பிரித்துப் போடும் வேலை எல்லோருக்கும் வருகிறது. பரப்பளவு விகிதத்தில் பங்கிடுவதுதான் எல்லோரும் செய்வது. உக்கடம் பெரியகுளத்தை ஒட்டிய வார்டில் அதைச் செய்து பாருங்கள்: குளத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் குடியேறிவிடுவார்கள். குளம், நொய்யல் படுகை, ரயில் நிலம், ஆலை வளாகம் ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, கட்டடப் பரப்பை மட்டும் வைத்துப் பங்கிடுங்கள். பின் கூட்டுத்தொகை பழைய மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு துண்டு வார்டுகளுக்கு இடையே விழுந்து கிடக்கிறது.

மாவட்ட அளவில் இந்தத் தொல்லை குறைவு. வட்டங்கள் பெரும்பாலும் முழுசாக நகர்ந்ததால், 2001 தரவை வட்டம் வட்டமாகத் திரும்ப அடுக்கினாலே போதும். அந்த மாணவிக்கு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. வறட்சி பற்றி எழுதிய நான்கு பக்கத்தை அழிக்கத்தான் மனம் வரவில்லை.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

பழைய எல்லைக் கோப்பு யாரிடமும் இல்லை, அரசாணையில் எழுத்தாக மட்டும் இருக்கிறது என்றால். 'கிழக்கே வாய்க்கால், தெற்கே பழைய மில் சாலை' என்று தொடங்கும் எல்லை விவரத்தைக் கோடாக்க அந்த ஊரைக் கால்நடையாக அறிந்தவர் வேண்டும். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரோடு இரண்டு நாள் உட்காருவது, விலையுயர்ந்த ஆலோசகர் ஒருவரைவிடப் பயன் தரும்.

## அட்டவணையை இணைத்தால் பாதி ஊர்கள் வெறுமையாக வருகின்றன

முதலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நீக்குங்கள். அடுத்து, குறியீட்டு எண்ணின் முன்னால் இருந்த பூஜ்ஜியத்தை எக்செல் தின்றுவிட்டதா என்று பாருங்கள்.

பின் ஆங்கில எழுத்துக்கூட்டு. திருப்பூருக்கு ஒரு 'ப்' போட்டும் இரண்டு போட்டும் எழுதுவார்கள். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் உருவான பட்டியல்கள் இன்றும் உலவுகின்றன. கோவைக்கு வழக்கமில்லாத எழுத்துக்கூட்டு இருந்தால் அந்தக் காலத்துக் கோப்பு என்று அறியலாம்.

தமிழ்ப் பெயரை வைத்து இணைத்தும் வரவில்லையா? பொருந்தாத பட்டியலில் கொடுமுடி, கொமாரபாளையம், கோபி, கோட்டூர் என்று 'கொ', 'கோ' ஊர்களாக நிற்கின்றனவா என்று பாருங்கள். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதியப்படலாம், சேர்ந்த ஒரே குறியாகவும் பதியப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, சேர்ந்த குறிகளாக எழுதும் யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் ஒரே நொடியில் பொருந்தும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13 முதல் அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஊர்ப் பெயர்களில் 'கொ'வும் 'கோ'வும் இத்தனை இருக்கும் நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கோளாறு கிடைக்காது.

எழுத்து ஒத்தும் தவறான ஊர் வண்ணமானால் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கிறது. பாளையங்களும் நல்லூர்களும் புதூர்களும் மலிந்த இடம் இது. பெயரால் இணைப்பதை விட்டு, மத்திய அரசின் உள்ளாட்சி அடைவுக் குறியீட்டையோ 2011 கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பிரத்யேக எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் மட்டும் அந்த எழுத்துரு தெரிந்த டிடிபி கடைக்காரரிடம் கொடுங்கள்.

## கேள்வி கேட்டால் பதில் வர ஒரு மணி நேரமாகிறது

தரவுத்தளத்தில் இட நெடுவரிசைக்கு அட்டவணைக் குறிப்பு (தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்) இருக்கிறதா? நேரத்துக்கு? இரண்டுக்கும் போடுங்கள். முதலில் நாளால் வடிகட்டி, பிறகு இடத்தால் வெட்டுங்கள். ஒரே பெரிய வடிவத்தில் ஆயிரக்கணக்கான முனைகள் இருந்தால் அதைத் துண்டுகளாக்குங்கள். தூரம் 0.004 என்பதுபோல் வந்தால் அது மீட்டர் அல்ல, பாகை. இவ்வளவும் செய்த பிறகுதான் புதிய கணினி வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

## செயற்கைக்கோள் படத்தில் நகரம் ஒரே வருடத்தில் வீங்கிவிட்டது

### மாதத்தைப் பாருங்கள்

ஒன்று டிசம்பர் படம், மற்றொன்று ஏப்ரல் படமா? வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குளம் நிறைந்திருக்கும், மானாவாரி நிலம் பச்சையாக இருக்கும். கோடையில் சூலூர்க் குளத்தின் ஓரம் வறண்டு வெளுத்தால் அதை ஆக்கிரமிப்பு என்று வரைபடம் சொல்லும். அறுவடை முடிந்த செம்மண் காடும் கட்டடமாகத் தெரியும். ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

### தேதியைப் பாருங்கள்

மாற்றம் சரியாக 2022 ஜனவரி கடைசியில் தொடங்கினால் நகரத்தில் எதுவும் நடக்கவில்லை. சென்டினல் 2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களின் தயாரிப்பு முறை 2022 ஜனவரி 25 முதல் மாறி, ஒவ்வொரு படப்புள்ளியின் மதிப்பிலும் 1000 கூடியது. புதிய படங்களில் அதைக் கழித்த பிறகு வரிசையைத் திரும்ப வரையுங்கள். 2003 மேக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படங்களில் சாய்ந்த கோடுகளாக வெற்றிடம் வந்தால் அது கருவியின் பழுது. அந்த வெற்றிடத்தை 'அழிந்த பசுமை' என்று எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### அளவைப் பாருங்கள்

பழைய படத்தின் ஒரு படப்புள்ளி 30 மீட்டர், புதியதில் 10 மீட்டர் என்றால் சந்துகளும் மரங்களும் புதிதாக முளைத்தது போலத் தெரியும். நுணுக்கமானதைப் பருமனாக்கி ஒப்பிடுங்கள்.

### எல்லாம் சரி, இன்னும் வீக்கம் தெரிகிறது

கட்டடமாகத் தெரிவது என்ன கட்டடம் என்று கேளுங்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் நீள நீளமாக நிற்பவை கோழிக் கொட்டகைகள். பொள்ளாச்சிப் பக்கம் வெளிர்ப் பழுப்பாகப் பரந்து கிடப்பது தென்னை நார்க்கழிவு காயும் களம். தகரக் கூரை போட்ட பனியன் கம்பெனியும் கோழிக் கொட்டகையும் மேலிருந்து பார்க்க அண்ணன் தம்பி. வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம்: கொட்டகை குறுகி நீண்டது, பெரும்பாலும் கிழக்கு மேற்காக வரிசையாக நிற்கும், சுற்றிலும் வெற்றிடம் இருக்கும்.

அதற்கும் பிடிபடாதவற்றில் ஐம்பது புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, வண்டியில் போய்ப் பாருங்கள். ஐம்பதில் பத்துக்கு மேல் தவறு என்றால் வகைப்பாட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்போது தொலையுணர்வு படித்த ஒருவரைக் கூப்பிடுவது நல்லது. அதிநுண் படம் விலைக்கு வாங்குவது அதற்கும் அடுத்த படி. வாங்குவதானால், படம் எந்த மாதம் எடுத்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.